பால் சுறால பாதரசம் இருக்கான்னு டெஸ்ட் பண்ண லேப் தெரியுமா?

எல்லாருக்கும் வணக்கம். நாகப்பட்டினத்துல அம்மா வீட்ல இருக்கேன், குழந்தை பொறந்து 24 நாள் ஆச்சு. தாய்ப்பால் மட்டும்தான். பால் ஊறணும்னு அம்மா வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை சுறா புட்டு செஞ்சு குடுக்குறாங்க, மஞ்சத்தூள் போட்டு அவிச்சு தோலை சுரண்டிட்டு, உதிர்த்து, பூண்டை அள்ளிப் போட்டு... ருசிக்கு குறையே சொல்ல முடியாது, அதான் பிரச்சனையே.

போன வாரம்தான் படிச்சேன், சுறால மெத்தில் பாதரசம் சேருமாம், சதையோட புரதத்துலயே ஒட்டிக்கிறதால அவிச்சாலும் போகாதாம். அமெரிக்கால பால் குடுக்குறவங்க சுறாவே வேணாம்ங்குறாங்க, இங்கிலாந்துல வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல கூடாதுங்குறாங்க. எதை எடுத்துக்குறது?

நாங்க வாங்குறது குட்டி பால் சுறா, ஒண்ணரை அடி இருக்கும், காலைல கரைக்கு வர்ற மீன். பெருசுலதான் அதிகம் சேரும்னு தெரியும், ஆனா குட்டில எவ்ளோன்னு தெரியல. டாக்டர்கிட்ட கேட்டா "அளவா சாப்பிடுங்க"ன்னு முடிச்சுட்டாங்க. இங்க ரெண்டு லேப்ல கேட்டாச்சு, ரத்தத்துல பாக்கலாம், மீன்ல பாக்க மாட்டோம்னுட்டாங்க. அம்மாவோ "உன்னையும் இதை தின்னுதான் வளத்தேன்"னு ஒரே போடு. இப்போதைக்கு புட்டை நிறுத்திட்டு மத்தி, நெத்திலின்னு ஓட்டுறேன், வீட்ல தினமும் சண்டை.

நாகைலேர்ந்து சென்னை வரைக்கும், வீட்டு ஆள் கொண்டு போற ஒரே ஒரு மீனை வாங்கி பாதரசம் எவ்ளோன்னு பார்த்து சொல்ற லேப் எங்க இருக்கு?