மின்சார சைக்கிள் பேட்டரி: கிருஷ்ணகிரி பக்கம் யாராவது உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 67. முட்டி வலியால் நிறுத்திய சைக்கிளை, மின்சார சைக்கிள் வாங்கிய பிறகுதான் திரும்ப எடுத்தேன். தினமும் காலையில் கே.ஆர்.பி. அணை வரை போய் வருகிறேன். 250 வாட் மோட்டார், லைசென்ஸும் வேண்டாம். அணைக் காற்று முகத்தில் படும்போது அவ்வளவு சந்தோஷம்!

ஒரு மாதமாக மேடு ஏறும்போது பேட்டரி மூன்று கோட்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கி, மோட்டார் நின்றுவிடுகிறது. சமதரைக்கு வந்ததும் மறுபடி மூன்று கோடு. வண்டி நல்ல கனம். வெறுமனே மிதித்தால் முட்டி பிடித்துக்கொள்கிறது.

36 வோல்ட் லித்தியம் பேட்டரி, வாங்கி மூன்று வருடம். கடையில் புதிதாக மாற்றச் சொல்கிறார்கள். செல்களைச் சோதித்து, கெட்டதை மட்டும் மாற்றித் தரும் நம்பகமான மெக்கானிக் கிருஷ்ணகிரியிலோ தர்மபுரியிலோ இருக்கிறாரா? அப்புறம், என் வயதுக்காரர்கள் மேட்டை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? சொல்லுங்கள்.