டெக்சாஸில் ஹோம்ஸ்கூலிங் ஆரம்பித்த கதை: உங்களுக்கு என்ன நடந்தது?

கேட்டி அம்மா:
பையனின் பெயர், எந்தத் தேதியிலிருந்து வீட்டில் படிக்கிறான், என் கையெழுத்து. பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்தக் கொடுத்த லெட்டரில் இவ்வளவுதான். ஃப்ரண்ட் ஆபீஸ் அம்மாள் அதைப் படித்துவிட்டு டிராயரிலிருந்து ஒரு ஃபாரம் எடுத்து என் பக்கம் தள்ளினார். என்ன கரிக்குலம், தினமும் எத்தனை மணி நேரம், யார் சொல்லிக்கொடுப்பது என்று வரிசையாகக் கட்டங்கள். "இது சட்டப்படி தேவையில்லையே" என்றேன். பதிலே இல்லை. பேனா மூடியைக் கழற்றி ஃபாரம் மேல் வைத்துவிட்டு ஃபோன் பேசப் போய்விட்டார். பையன் என்னையும் பேனாவையும் மாறி மாறிப் பார்க்கிறான். நான் நிரப்பவில்லை. அதே லெட்டரை பிரின்சிபாலுக்கு இமெயிலில் அனுப்பினேன், பெயரை எடுத்துவிட்டதாக ஒரு வரி வந்தது. அந்த அம்மாளுக்கு நிஜமாகவே தெரியாதா, தெரிந்தேதான் கேட்டாரா? இன்னும் உறுத்துகிறது.

ஃபிரிஸ்கோ அப்பா:
எனக்கு நேர் எதிர். பென்சில்வேனியாவிலிருந்து வந்தோம். அங்கே வருஷா வருஷம் அஃபிடவிட், அதாவது உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும்; வருஷக் கடைசியில் பிள்ளை செய்த வேலைகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவை, மதிப்பிடும் எவால்யுவேட்டரிடம் காட்ட வேண்டும். இங்கே யாரிடம் காட்டுவது என்று ஊர்ப் பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்கு ஃபோன் செய்தேன். "உங்கள் மகள் எங்கள் பள்ளியில் சேர்ந்திருக்கிறாளா?" இல்லை என்றேன். "அப்படியானால் எங்களுக்கு எதுவும் வேண்டாம்." வைத்துவிட்டார்கள். சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்கு வயிற்றைக் கலக்கியது. கேட்க ஆளே இல்லையென்றால், படிக்காமல் விடப்பட்ட பிள்ளையை யார் பார்ப்பார்கள்?

சுகர்லேண்ட் அக்கா:
ஃபிரிஸ்கோ தம்பி, சட்டமே இல்லை என்பதுபோல் பேசாதீர்கள். லீப்பர் வழக்கில் 1994இல் டெக்சாஸ் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது: வீட்டுப் பள்ளியும் தனியார் பள்ளிதான். ரீடிங், ஸ்பெல்லிங், கிராமர், கணக்கு, நல்ல குடிமைப் பண்பு, இந்த ஐந்தையும் ஒப்புக்கு இல்லாமல் நிஜமாகவே நடத்த வேண்டும். என் கதை சின்னது: பகல் பதினொரு மணிக்கு லைப்ரரியில் ஒரு பாட்டி என் மகளிடம் ஏழாம் வாய்ப்பாடு கேட்டார். அவள் திருப்பி அவரிடம் பதின்மூன்றாம் வாய்ப்பாடு கேட்டாள்! சரி, புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு: லெட்டர் போய்ச் சேருவதற்கு முன் பிள்ளையை நிறுத்தாதீர்கள், ஆப்சென்ட் ஏறி, காரணமில்லாமல் பள்ளிக்கு வரவில்லை என்று ட்ரூயன்சி நோட்டீஸ் வரும். லெட்டரைச் சர்டிஃபைட் மெயிலிலோ இமெயிலிலோ அனுப்புங்கள், காப்பி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியிலேயே சேராத பிள்ளைக்கு லெட்டரே வேண்டாம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பாடங்களையும் மார்க்கையும் காட்டும் டிரான்ஸ்கிரிப்டை நீங்களே எழுதி வாருங்கள். பள்ளிப்படிப்பை முடித்ததற்கான டிப்ளமோவை அரசாங்கம் தராது, நீங்கள்தான் தர வேண்டும். அரசுப் பல்கலைக்கழகங்கள் வீட்டில் படித்த பிள்ளை என்பதற்காக ஒதுக்கிவைக்கக்கூடாது என்றும் சட்டம் இருக்கிறது.

ஃபிரிஸ்கோ அப்பா:
அக்கா, நீங்கள் சொன்ன ஐந்தில் சயின்ஸ் எங்கே? அதைத்தான் கேட்கிறேன்.

சுகர்லேண்ட் அக்கா:
சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்று யார் சொன்னது? சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் அந்த ஐந்துதான். ஃபாரம் நிரப்பினால் மட்டும் சயின்ஸ் வந்துவிடுமா?

கேட்டி அம்மா:
நீங்கள் இருவரும் சண்டை போடுங்கள். அடுத்த வாரம் சின்னவளுக்கும் லெட்டர் கொடுக்க வேண்டும், அதே ஆபீஸ். இந்தத் தடவை நேரில் போகப்போவதில்லை.