கார் கைப்பிடிக்குப் பின்னால் விழும் நகக்கீறல்: எடுத்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

கொருக்குப்பேட்டைக்காரன்:

என் வண்டி கறுப்பு. காலை வெயில் சாய்ந்து விழும்போது டிரைவர் கதவைப் பார்த்தால், கைப்பிடிக்குப் பின்னால் இருக்கிற குழியில் பிறை பிறையாக வெளிறிய கோடுகள். பின் இடது கதவிலும் உண்டு. அது அம்மா ஏறும் பக்கம், மோதிரமும் வளையலும் நகத்தோடு சேர்ந்துகொண்டன. மற்ற கதவுகள் பரவாயில்லை.

சர்வீஸுக்கு விட்ட இடத்தில் காட்டினேன். "ரெண்டு டோரையும் பெயின்ட் அடிச்சிடலாம் சார், இன்சூரன்ஸ்ல போட்டுக்கலாம்" என்றார்கள். ஒரு கிளெய்ம் போட்டால் அதுவரை சேர்ந்த நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் எடுக்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கிற தள்ளுபடி, போய்விடும். நகக்கீறலுக்கு அந்த விலையா? கம்பெனி பெயின்ட்டைத் தேய்த்துவிட்டு வேறு அடிக்கவும் மனசு வரவில்லை. கையாலேயே எடுத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். எது வேலை செய்தது, எது கெடுத்தது, இரண்டையும் சொன்னால் நல்லது.

பெரம்பூர் அக்கா:

தம்பி, முதலில் அதெல்லாம் கீறல்தானா என்று பாருங்கள். என்னுடையது கருநீல வண்டி. பாதிக்கு மேல் கீறலே இல்லை. நகம் உரசும்போது நகத்தின் தூளும் நெயில் பாலிஷும் பெயின்ட் மேல் ஒட்டிக்கொண்டு கோடு மாதிரி தெரியும். கார் ஷாம்பூவைத் தண்ணீரில் கலந்து, குழியில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மெத்தென்ற துணியால் துடைத்ததுமே அதெல்லாம் போய்விட்டது. மிச்சம் நின்றவைதான் நிஜக் கீறல். அவை பாலிஷுக்கு மசிந்தன.

நெயில் பாலிஷ் கறைதானே என்று வீட்டிலிருக்கும் ரிமூவரைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். அதில் அசிட்டோன் இருந்தால் மேல் பூச்சையே இளக்கிவிடும், மறுபடி பெயின்ட் அடித்த கதவென்றால் இன்னும் மோசம். பக்கத்து வீட்டு வண்டியில் கண்ணாலேயே பார்த்தேன். கோடு போய்விட்டது, அந்த இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு மங்கல் நின்றுவிட்டது.

அப்பாவின் பழைய மாருதி 800 பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிவப்பு வண்டி. காம்பவுண்ட் (பாலிஷை விட முரடாக உரசுகிற பசை) போட்டுத் தேய்த்தபோது துணி முழுக்கச் சிவப்பாக வந்தது. "பெயின்ட்டே போச்சும்மா" என்று அப்பா கத்தினார். ஒன்றும் போகவில்லை. அந்தக் காலத்து சாலிட் கலரில் (மினுமினுப்பு இல்லாத ஒரே நிறம்) கிளியர் கோட் என்கிற நிறமில்லாத மேல் பூச்சு தனியாக இருக்காது, நிறம்தான் மேல் பூச்சு, தேய்த்தால் துணியில் வரத்தான் செய்யும். ஆனால் இப்போதைய மெட்டாலிக் வண்டியில் துணியில் நிறம் வந்தால் கிளியர் காலி என்று அர்த்தம். அங்கேயே கையை எடுத்துவிட வேண்டும்.

வியாசர்பாடி பெயின்டர்:

அக்கா சொல்வது சரி. நான் டிங்கரிங், பெயின்டிங் இரண்டும் பார்க்கிறவன், கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

இப்போதைய வண்டியில் தகட்டுக்கு மேல் கரண்ட் வைத்து முக்கி எடுக்கிற பிரைமர் (அடிப்பூச்சு), அதன் மேல் இன்னொரு பிரைமர், அப்புறம் கலர், கடைசியில் கிளியர். நாலும் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான் வரும். அதில் கிளியர் மட்டும் 40, 50 மைக்ரான். தலைமுடியை விட மெல்லிசு. நாம் பாலிஷ் போடுவது என்பது கீறலை நிரப்புவது கிடையாது. கீறலைச் சுற்றி இருக்கிற கிளியரைத் தேய்த்து, கீறலின் அடிமட்டத்துக்கு இறக்குவது. அதனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பூச்சு குறைகிறது. மாதா மாதம் காம்பவுண்ட் போடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

எந்தக் கீறல் போகும், எது போகாது என்று கண்டுபிடிக்க இரண்டு வழி. ஒன்று, கீறலில் தண்ணீர் தெளியுங்கள். ஈரமாக இருக்கும்போது மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரிந்தால் அது கிளியருக்குள்தான் இருக்கிறது. இன்னொன்று, கீறலுக்குக் குறுக்காக நகத்தை மெதுவாக ஓட்டுங்கள், அழுத்தக் கூடாது. வழுக்கிக்கொண்டு போனால் கையாலேயே எடுக்கலாம். டக்கென்று நகம் தட்டினால் ஆழம். அதைப் பாலிஷில் முழுசாக எடுக்கப் போனால் கிளியர் ஓட்டையாகிவிடும். ஓரங்களை மழுக்கி, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைக்கலாம், அவ்வளவுதான். உள்ளே சாம்பல் நிறமோ தகடோ தெரிந்தால் பாலிஷ் பேச்சே வேண்டாம், உடனே டச்சப், அதாவது அந்த இடத்துக்கு மட்டும் அதே கலர் பெயின்ட் வைக்கணும். நம் பக்கம் கடல் காற்று, காசிமேடு, திருவொற்றியூர் ஓரம் நிற்கிற வண்டியில் திறந்த தகடு சீக்கிரமே துரு கட்டும். உங்கள் வண்டியின் கலர் நம்பர், டிரைவர் கதவைத் திறந்தால் தூணிலோ, பானெட்டுக்குள்ளோ ஒட்டியிருக்கும். வெள்ளைதானே என்று கடையில் ஏதாவது வெள்ளையை வாங்காதீர்கள், வெள்ளையிலேயே எத்தனையோ வெள்ளை.

கைப்பிடிக் குழிக்கு மெஷின் போகாது, போகவும் வேண்டாம். வண்டி நிழலில் நிற்கட்டும், கதவைத் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். சூட்டில் காம்பவுண்ட் உடனே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். கழுவித் துடைத்த பிறகு கைப்பிடியைச் சுற்றி, ரப்பர் வருகிற இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். இல்லையென்றால் இடுக்கில் போன காம்பவுண்ட் வெள்ளையாக உறைந்து, கீறலை விட அசிங்கமாகத் தெரியும். மைக்ரோஃபைபர் துணியைக் கட்டை விரலில் சுற்றி, கைப்பிடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பட்டாணி அளவு பாலிஷ் வைத்து, குழியின் வளைவோடு சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். விரல் நுனியால் குத்தித் தேய்த்தால் அந்த இடம் மட்டும் பள்ளமாகிவிடும், கட்டை விரலின் சதைப்பகுதிதான் படணும். பாலிஷ் மெலிந்து கண்ணாடி மாதிரி ஆனதும் நிறுத்தித் துடைத்து, போன் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் எல்லாமே நன்றாக இருப்பது போலத்தான் தெரியும்.

முதலில் மிருதுவான பாலிஷ், போதவில்லை என்றால்தான் காம்பவுண்ட். காம்பவுண்ட் போட்டால் அதன் பின்னால் பாலிஷ் கட்டாயம், கறுப்பு வண்டியில் காம்பவுண்ட் விட்ட மங்கல் நன்றாகத் தெரியும். கடைசியில் மெழுகு. 2000, 2500 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்) போட்டு வீடியோவில் காட்டுகிறார்கள், அதை வீட்டில் செய்யாதீர்கள். பல் விளக்குகிற பேஸ்ட்டைப் பற்றி யாராவது கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன்: அதிலும் உரசுகிற பொடி இருக்கிறது, மெல்லிய கோடு குறையவும் செய்யும். ஆனால் பல்லுக்குச் செய்த பொடியைக் கிளியர் மேல் ஏன் தேய்க்கணும்? பாலிஷ் டப்பா ஒன்று வாங்கினால் வருஷக்கணக்கில் வரும்.

புதுவண்ணாரப்பேட்டை டாக்சி:

பெயின்டர் அண்ணன் சொன்னதெல்லாம் சரி. என் கணக்கில் நகம் இரண்டாவது எதிரிதான். முதல் எதிரி தூசி. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், இரவு கழுவி நிறுத்தினால் காலையில் பானெட்டில் விரலால் பேர் எழுதலாம். ராயபுரம் பக்கம் ஒரு காலத்தில் நிலக்கரித் தூசி இன்னும் மோசம். 2011-இல் கோர்ட் உத்தரவுக்குப் பிறகு சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்று எண்ணூர் துறைமுகத்துக்குப் போனது, இங்கே கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் மீஞ்சூர், அத்திப்பட்டு சவாரி போய்வந்தால் வண்டி மேல் அனல்மின் நிலையச் சாம்பல். தொட்டால் மாவு போல இருக்கும், ஆனால் அதில் நிறைய இருப்பது சிலிகா, மணலில் இருக்கிற அதே பொருள். அதை உலர்ந்த துணியால் துடைத்தால் பெயின்ட்டில் சிலந்தி வலை மாதிரி கோடு விழும்.

எங்கள் ஸ்டாண்டில் காலையில் பூந்துடைப்பக் கட்டையாலும் பழைய பனியனாலும் "பட்பட்" என்று தட்டித் துடைப்பார்கள். பார்க்கிறவனுக்கு வண்டியைக் கும்பிடுகிற மாதிரி இருக்கும். சாயங்காலம் டியூப் லைட்டுக்குக் கீழே பாருங்கள், மொத்த வண்டியும் வட்ட வட்டமாகக் கோடு. கைப்பிடிக் குழியிலும் இதே கதைதான். அந்தத் தூசி குழியில் தங்கியிருக்கும்போது விரலை விட்டு இழுத்தால் கீறுவது நகம் மட்டுமில்லை, நகத்துக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் மாட்டின தூசியும்தான்.

இன்னொரு சங்கதி. வாட்டர் வாஷ் போடுகிற இடத்தில் கூடுதல் காசுக்கு "பாலிஷ்" போட்டு, கீறலே இல்லை பாருங்கள் என்று காட்டுவார்கள். எனக்கும் காட்டினார்கள், நிஜமாகவே ஒன்றும் தெரியவில்லை. மழை பெய்தது, ஷாம்பூ போட்டுக் கழுவினேன், எல்லாக் கோடும் அப்படியே திரும்பி வந்தது. அது எண்ணெய்ப் பசை. கீறலில் போய் உட்கார்ந்து மறைக்கும், அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் தடவினாலும் அதே மாயம் நடக்கும், என்ன, தூசி வந்து மொய்க்கும்.

எர்ணாவூரிலிருந்து:

தூசி என்றதும் எங்கள் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்தது ஞாபகம் இருக்கும். எங்கள் தெருவில் சுவரில் எந்த உயரத்துக்குக் கறுப்புக் கோடு நின்றதோ, அதே உயரத்துக்கு வண்டியிலும் நின்றது. கைப்பிடிக் குழிக்குள் தார் மாதிரி அப்பிக்கொண்டு, அதற்குள் மணல். ஆளாளுக்கு மண்ணெண்ணெய் நனைத்த துணியை எடுத்துத் தேய்த்தார்கள். எண்ணெய் போனது, அந்த மணல் போட்ட கோடு இருக்கிறது, இன்றைக்கும் தெரு முழுக்க வண்டிகளில் பார்க்கலாம். எங்கள் வண்டியைத் துடைக்காமல் தள்ளி நிறுத்தி, தார் எடுக்கிற ஸ்பிரேயை அடித்து ஊறவிட்டு, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி, ஒட்டியிருந்ததை இளக வைத்து இளக வைத்து எடுத்தார் என் மச்சான். துணி பட்டது கடைசியில்தான். நகம் வைத்தால் தட்டுகிற கீறல் எங்கள் கதவில் ஒன்றுகூட விழவில்லை.

கொருக்குப்பேட்டைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்னபடி ஷாம்பூ போட்டு ஊறவைத்ததில் அம்மா பக்கக் கதவு பாதி சுத்தமானது. டிரைவர் கதவில் அண்ணன் சொன்ன மாதிரி கட்டை விரலால் பாலிஷ் போட்டேன். மெல்லிய கோடுகள் போய்விட்டன. மோதிரம் போட்ட கோடு ஒன்று மட்டும் நகத்தில் தட்டுகிறது, ஓரம் மழுங்கி இப்போது தேடினால்தான் கிடைக்கிறது. அதை விட்டுவிட்டேன். குழிக்கு ஒட்டுகிற பிளாஸ்டிக் ஃபிலிம் கடையில் கிடைக்கிறதே, ஒட்டலாமா?

வியாசர்பாடி பெயின்டர்:

ஒட்டலாம் தம்பி. ஆனால் பாலிஷ் போட்ட எண்ணெய்ப் பசை இருந்தால் ஓரம் தூக்கிக்கொள்ளும், மறுபடி ஷாம்பூ போட்டுக் கழுவிக் காயவிட்ட பிறகுதான் ஒட்டணும். அடியில் மெழுகு இருக்கக் கூடாது. சோப்புத் தண்ணீர் தெளித்து, ஃபிலிமை மிதக்கவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளுங்கள். கார்பன் டிசைன் போட்ட தடிமனான ஸ்டிக்கர் வேண்டாம், அது வளைவில் உட்காராது, ஓரத்தில் தூசி கறுப்புக் கோடாகச் சேரும். கண்ணாடி மாதிரி மெல்லிசாக இருக்கிறதைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம், புதிதாக பெயின்ட் அடித்த கதவாக இருந்தால் ஒரு மாதமாவது ஃபிலிமும் வேண்டாம், மெழுகும் வேண்டாம். பெயின்ட் உள்ளுக்குள் இன்னும் காய்ந்துகொண்டிருக்கும்.