எலிங்டனின் 1940–42 பெட்டித் தொகுப்பு: புதியவருக்குப் பரிந்துரைக்கத் தக்கதா?

ஒற்றைத்தட்டு: பெரிய வாத்தியக் குழுக்கள் வாசிக்கும் பிக் பேண்ட் ஜாஸைக் கேட்கத் தொடங்குவோருக்கு, அமெரிக்க ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டனின் குழு 1940 முதல் 1942 வரை விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவு செய்தவற்றை மூன்று குறுந்தகடுகளில் 75 தடங்களாகத் தரும் 2003ஆம் ஆண்டுத் தொகுப்பையே எல்லோரும் கைகாட்டுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. இவை நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கென, மூன்று நிமிடத்துக்குச் சற்று முன்பின்னாக, ஒவ்வொன்றும் தனித்து நிற்கும்படி அமைக்கப்பட்டவை. பக்கம் முடிந்தால் கேட்பவர் எழுந்து தட்டைத் திருப்பியாக வேண்டும். அந்த இடைவெளியை நீக்கிவிட்டு ஒரு குறுந்தகடு முழுவதையும் ஒரே மூச்சில் ஓடவிட்டால், புதியவர் காதில் எல்லாம் ஒன்றுபோலவே விழும். போதாக்குறைக்கு, காலவரிசைப் பிடிவாதத்தால் தொகுப்பு தொடங்குவதே ஹெர்ப் ஜெஃப்ரிஸ் பாடிய ஒரு சாதாரணக் காதல் பாட்டில்தான்.

நாள்வரிசை: அந்தப் பாட்டு அங்கே இருப்பதைக் குறையென்று நான் கருதவில்லை. 1940 மார்ச் 6 அன்று சிகாகோவில் அதையும் ‘ஜாக் தி பேர்’, ‘கோ-கோ’ ஆகியவற்றையும் ஒரே குழு ஒரே நாளில் பதிவு செய்தது. பிழைப்புக்கான பாட்டும் காலத்தை வென்ற படைப்பும் அடுத்தடுத்து வந்தன என்பதைத் தேர்ந்தெடுத்த திரட்டு எதுவும் காட்டாது. பேஸ் என்றால் பின்னால் நின்று தாளத்தைத் தாங்கும் வாத்தியம் என்றிருந்த காலத்தில், ‘ஜாக் தி பேர்’ உருப்படியில் ஜிம்மி பிளான்டன் அதை முன்வரிசைக்கே கொண்டுவருகிறார். முடித்து வைப்பதும் அவருடைய பேஸ்தான். முதல் பாட்டைக் கேட்ட கையோடு இதைக் கேட்பவருக்கு வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை.

குழு மாறிய கதையும் இந்த வரிசையில்தான் புலப்படும். 1940 நவம்பரில் டிரம்பெட் கலைஞர் கூட்டி வில்லியம்ஸ் இன்னொரு குழுத் தலைவரான பென்னி குட்மேனிடம் சென்றுவிட, அவரிடத்துக்கு ரே நான்ஸ் வந்து சேர்கிறார். 1941 தொடக்கத்தில், இசையமைப்பாளர்களுக்கான உரிமைத்தொகையை வசூலிக்கும், எலிங்டன் உறுப்பினராக இருந்த ஆஸ்காப் சங்கத்துக்கும் வானொலி நிலையங்களுக்கும் மூண்ட கட்டணத் தகராறால் எலிங்டனின் சொந்தப் படைப்புகள் ஒலிபரப்பில் இடம்பெற முடியாமல் போகவே, அந்தச் சங்கத்தில் இல்லாத, எலிங்டனின் இசையமைப்புத் துணைவர் பில்லி ஸ்ட்ரேஹார்னும் மகன் மெர்சரும் குழுவுக்கான புதிய உருப்படிகளின் பொறுப்பை ஏற்கிறார்கள். ஸ்ட்ரேஹார்னின் ‘டேக் தி ஏ டிரெயின்’ அந்தப் பிப்ரவரியில் பதிவானதன் பின்னணி இதுவே.

பழைய_ஊசி: இடையில் ஒரு சொல். இதே பதிவுகளின் 66 தடங்கள் கொண்ட 1986 பதிப்பு மலிவாகக் கிடைக்கிறதென்று யாரும் வாங்கிவிட வேண்டாம். இரைச்சலைத் துடைக்கப்போய்ச் சிம்பல் எனும் உலோகத் தாளத் தட்டின் ஒலியையும் சேர்த்தே மழுக்கிவிட்டார்கள் என்பதுதான் என் காதின் தீர்ப்பு.

வடக்குமேடை: நீங்கள் இருவரும் ஒலிப்பதிவுக் கூடத்தையே சுற்றி வருகிறீர்கள். இக்குழுவின் அன்றாடத் தொழில் நடன அரங்குகளில் வாசிப்பது. 1940 நவம்பர் 7 அன்று வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரில், ஜாக் டவர்ஸ், டிக் பர்ரிஸ் என்ற இரு இளம் ரசிகர்கள் ஒலித்தட்டு வெட்டும் கருவியைச் சுமந்து சென்று ஓர் இரவு நிகழ்ச்சியைப் பதிவு செய்தார்கள். மூன்று நிமிடக் கெடுபிடி இல்லாத இடத்தில் பென் வெப்ஸ்டரின் டெனர் சாக்ஸபோன் எவ்வளவு நிதானமாக விரிகிறது என்பதை அதில்தான் கேட்க முடியும்.

ஒற்றைத்தட்டு: நண்பர் வடக்குமேடை சொல்வது உண்மையானாலும், அதே வெப்ஸ்டர் 1940 மே மாதத்தின் ‘காட்டன் டெயில்’ பதிவில் அந்தக் கெடுபிடியையே தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறார். உருப்படியின் மெட்டு முழுதாக இருமுறை வரும் இரண்டே சுற்றுகளில் தொடங்கி, முறுக்கேற்றி, முடித்துக்கொண்டு விலகுகிறார். சற்றுப் பின்னர் சாக்ஸபோன் பிரிவு முழுவதும் ஒரே வாயாக ஒரு சுற்று வாசிக்கிறது. எந்த இடமும் நிரப்புவதற்காக வாசிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. நாள்வரிசை அடுக்கிய வரலாறோ, ஏற்கெனவே மனத்தைப் பறிகொடுத்தவருக்கே இனிக்கும். அட்டையில் பிளான்டன், வெப்ஸ்டர் இருவர் பெயரை மட்டும் போட்டதும் எனக்கு உறுத்தல்தான். பத்தாண்டுக்கு மேலாகக் குழுவைத் தாங்கிய சாக்ஸபோன் கலைஞர்கள் ஜானி ஹாட்ஜஸும் ஹாரி கார்னியும் என்ன ஆனார்கள்?

நாள்வரிசை: பெயரைப் பொறுத்தவரை உங்கள் பக்கம் நியாயம் உண்டு. 1941 இறுதியில் காசநோயால் விலகிய பிளான்டன் 1942 ஜூலை 30 அன்று 23 வயதில் இறந்தார். கடைசிப் பதிவுகளில் அவர் இல்லை. ஆனால் தொகுப்பு அந்த ஜூலையோடு நிற்பது யாரோ வசதிக்காகப் போட்ட எல்லை அன்று. ஆகஸ்ட் 1 முதல் இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவுகளையே புறக்கணித்தது. இப்படித் தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு காலத்தை ஏன் துண்டாட வேண்டும்?

ஒற்றைத்தட்டு: துண்டாடச் சொல்லவில்லை, பிந்தி வாங்கச் சொல்கிறேன். ‘ஜாக் தி பேர்’, ‘கோ-கோ’, ‘காட்டன் டெயில்’ ஆகிய மூன்றையும் நாளுக்கொன்றாகக் கேட்ட பிறகும் ஒருவருக்கு நான்காவது வேண்டுமென்று தோன்றினால், அப்போது பெட்டிக்குப் பணம் செலவழிக்கட்டும்.