புதுப்பிப்பு: வேலூர் பக்கத்துக் கணியம்பாடி ஓடைக்கு நான் போட்ட வரைபடம்

ஓடையைச் சீரமைக்க சிவில் படித்தவன் மட்டும் போதுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போதாது.

ஓடை எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று கணக்குப் போடும்போதே மாட்டிக்கொண்டேன். அகலத்தை முடிவு செய்யும், கரை நிரம்பும் வெள்ளம் சுமார் ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்ற பாடப்புத்தகக் கணக்கைத்தான் வைத்திருந்தேன். நிலவியல் படித்த தோழி சிரித்துவிட்டார். அது பெரும்பாலும் வற்றாத ஆறுகளில் பிறந்த கணக்கு. ஜவ்வாது மலையிலிருந்து மழைக்கு மட்டும் இறங்கும் தண்ணீருக்கு அதை நம்பக் கூடாதாம். ஓடைப் படுகையில் கல்லின் அளவு தெரிய 100 கூழாங்கல் பொறுக்கி அளக்கும் முறையும் செல்லவில்லை, காலடியெல்லாம் மணல். மணலைச் சலித்து அளக்கும் சல்லடைதான் கைகொடுத்தது.

அப்புறம் ஆடு மேய்க்கும் பெரியவர் கரையில் ஒரு புங்கமரத்தைக் காட்டினார். இடுப்பு உயரத்தில் கிளையில் சருகும் பிளாஸ்டிக் பையும் சிக்கியிருந்தன. “தம்பி, போன ஐப்பசித் தண்ணி இதுவரைக்கும் வந்துச்சு.” என் கணினி சொன்னதைவிட ஒரு முழம் அதிகம்!

சரி, வரைபடத்தில் இருந்த கான்கிரீட் சுவரை நீக்கிவிட்டேன். இப்போது மேலே கல் தடுப்புகள், கீழே மணலில் நிலத்தடி நீரைச் செறிவூட்டும் கிணறு, கரையில் வெட்டிவேர். சீமைக்கருவேலத்தை ஒரேயடியாகப் பிடுங்கினால் கரை சரியும் என்கிறார் தாவரவியல் நண்பர். அதில் மட்டும் இன்னும் சண்டை.