சாபம் தீரணும், ஆனா முத்தத்தால இல்ல. யோசனை சொல்லுங்க!

வணக்கம் மக்களே. பதினஞ்சு, பதினாறு வயசுப் பிள்ளைங்களுக்காக ஒரு மாயாஜால நாவல் எழுதிட்டிருக்கேன். முடிவுல வந்து மாட்டிக்கிட்டேன்.

சூனியக்காரிகள் குடும்பத்துல மந்திரமே வராத ஒரு பொண்ணு. பார்க்கிறவங்க மறுநாளே அவளை மறந்துடுவாங்கன்னு சாபம். பெத்த அம்மாவே தினமும் காலையில "யாரும்மா நீ?"ன்னு கேட்பாங்க. (அதை எழுதிட்டு நானே அழுதது தனிக் கதை.) பாதிக் கதையில சாபம் தீர்ந்துடுது. ஆனா அது அவளுக்குத் தெரியாது. 'என்னை யாரு ஞாபகம் வெச்சுக்கப் போறா'ன்னு அவளே ஒதுங்கி ஒதுங்கிப் போறா.

ஆங்கில எழுத்தாளர் டயானா வின் ஜோன்ஸ் 1986லயே 'ஹவுல்ஸ் மூவிங் காஸில்' நாவல்ல இதுக்குக் கிட்ட வந்துட்டார். சாபத்தால கிழவியான சோஃபி, அந்த வேஷத்தைத் தானே விடாம பிடிச்சிட்டிருப்பா. அந்தச் சாயல் என் கதையில விழக்கூடாது.

அவ தன்னை மதிக்க ஆரம்பிக்கிற இடத்தைப் பிரசங்கம் இல்லாம எப்படிக் காட்டுறது? கண்ணாடி முன்னாடி வசனம் வேண்டாம். திடீர்னு மந்திரம் வர்றதும் வேண்டாம், அப்புறம் மந்திரம் இருந்தாத்தான் மதிப்புன்னு ஆயிடும். வீட்டுல இந்த வயசுப் பிள்ளைங்க இருந்தா அவங்களையும் கேட்டுச் சொல்லுங்களேன். முதல் மூணு அத்தியாயத்தைப் படிச்சுப் பார்த்து, தயங்காம திட்டக்கூடியவங்க யாராவது இருக்கீங்களா?