குறுக்குவில் வேட்டை: சாதாரண சைட்டா, ஸ்கோப்பா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தின் தெற்குப் பகுதியில் பல இடங்களில் ஒக்டோபர் 1 அன்று வில் வேட்டைக் காலம் தொடங்கிவிடும். அதற்கு முன்னால் நம் ஆட்கள் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அண்ணா, வில்லோடு வந்த ஸ்கோப்பையே வைத்துக்கொள்ளவா, ரெட் டொட் மாட்டவா, இல்லை வெறும் சைட் போதுமா?" (குறுக்குவில் என்பது துப்பாக்கி போல விசையை அழுத்தி அம்பு விடுகிற வில். ஸ்கோப் உருவத்தைப் பெரிதாக்கிக் காட்டும் குறிநோக்கி; ரெட் டொட் சிவப்பு ஒளிப்புள்ளியால் குறிபார்ப்பது; வெறும் சைட் கண்ணாடி இல்லாத சாதாரணக் குறிமுனை.) கடையில் கேட்டால் விலை கூடியதைத்தான் காட்டுவார்கள். அதனால் காட்டில் உட்கார்ந்தவர்கள் இங்கே எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

மான் வேட்டைக்கு நான் ஸ்கோப் பக்கம். தூரத்துக்காக இல்லை, வெளிச்சத்துக்காக. சட்டப்படி சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பிருந்து, மறைந்த பின் அரை மணி நேரம் வரை வேட்டையாடலாம். வெள்ளைவால் மான் நன்றாக அசைகிற நேரமும் அதுதான். பீற்றர்பரோ பக்கம் ஒரு சோளக் காட்டின் ஓரத்தில், மரத்தில் கட்டிய மேடையில் இருந்தபோது கலைமான் ஒன்று பொழுது சாய்கிற நேரத்தில் வந்து நின்றது. வெறுங்கண்ணுக்கு அது ஒரு சாம்பல் நிற உருவம், அவ்வளவுதான். ஸ்கோப்பை மூன்று மடங்கில் வைத்துப் பார்த்தபோது முன்னங்காலுக்குப் பின்னால் இருக்கும் மடிப்பு தெரிந்தது. அதற்குக் குறுக்கே விரல் தடிமனில் ஒரு கிளையும் தெரிந்தது. சைட் மட்டும் இருந்திருந்தால் அந்தக் கிளையை நான் பார்த்திருக்கவே மாட்டேன். விசையில் இருந்து விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். இரண்டு அடி முன்னே வந்த பிறகுதான் விட்டேன். என் கண் முன்னாலேயே விழுந்தது.

பெரிய கண்ணாடி வாங்கினால் இன்னும் வெளிச்சமாக இருக்குமா என்று கேட்பார்கள். லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்துப் பாருங்கள். 32 மி.மீ. லென்ஸ், 4 மடங்கு என்றால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 8 மி.மீ. இருட்டில் இளவயதுக் கண்மணி விரிவதே ஏறக்குறைய 7 மி.மீ.; வயது போகப் போக அதுவும் குறையும். குறுக்குவில்லுக்கு 50 மி.மீ. லென்ஸ் என்பது வீண் பாரம்.

மறுமொழி, லிண்ட்சேயிலிருந்து

தம்பி, வெளிச்சம் பற்றிச் சொன்னது சரி. வயதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அறுபது நெருங்குகிறது. வெறும் சைட்டில் பின் பள்ளம், முன் ஊசி, அதற்கப்பால் மான் என்று மூன்று பொருளை ஒரே கோட்டில் வைக்க வேண்டும். கண் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தெளிவாகப் பிடிக்கும். நாற்பது தாண்டிய பிறகு பின் பள்ளம் பஞ்சு போலக் கலங்கித் தெரியத் தொடங்கும். அதைப் பயிற்சியால் சரிசெய்ய முடியாது.

நான் ரெட் டொட்டுக்கு மாறினேன். புள்ளியும் மானும் ஒரே தளத்தில் தெரிவதால் கண்ணுக்கு வேலை குறைவு. இரண்டு கண்ணையும் திறந்து வைத்தே குறிபார்க்கலாம். ஆனால் சிதறல் பார்வை (astigmatism) உள்ளவர்களுக்குப் புள்ளி வால் முளைத்த மாதிரியோ சிறு சிறு கதிராகவோ தெரியும். சைட் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அதற்கு முன் கைபேசியால் கண்ணாடி வழியாக ஒரு படம் எடுங்கள். படத்தில் புள்ளி வட்டமாக இருந்தால் குறை கண்ணில்தான். மூக்குக்கண்ணாடி போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியும் தொந்தரவு என்றால் கண்ணாடியில் கோடு செதுக்கிய ஸ்கோப் எடுங்கள், அதில் இந்தப் பிரச்சினை இல்லை.

இன்னொன்று, புள்ளியின் பிரகாசத்தைக் கடைசிப் படிக்குக் குறையுங்கள். அந்தியில் புள்ளி கூடிவிட்டால் மான் தெரியாது, புள்ளி மட்டும்தான் தெரியும்.

மறுமொழி, கிங்ஸ்ரன் பக்கமிருந்து

நான் தரையில் மறைப்புக் கூடாரம் போட்டு உட்காருகிறவன். மான் எட்டு, பத்து யார்டில் வந்துவிடும். என்னோடு வருகிற நண்பரின் வில்லில் நிலையான நான்கு மடங்கு ஸ்கோப். அவருக்கு முன்னால் ஒரு கலைமான் எட்டு யார்டில் நின்றது. ஸ்கோப்பில் அவர் கண்டது முழுக்க மயிர்தான். அந்தத் தூரத்தில் நான்கு மடங்கு காட்டுவது இரண்டு, இரண்டரை அடி அகலம், அதுவும் மங்கலாக. தோள் எது, வயிறு எது என்று தேடி முடிப்பதற்குள் மான் போய்விட்டது. அவர் விடாமல் இருந்ததை நான் மதிக்கிறேன். கூடாரக்காரர்கள் ஒரு மடங்கு ரெட் டொட்டோ, ஒன்றரை மடங்குக்கு இறங்கக்கூடிய ஸ்கோப்போ வைத்திருங்கள்.

எந்தச் சைட் மாட்டினாலும் சரி, அது அம்புக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். கூடார ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது கண்ணுக்கு எல்லாம் திறந்த வெளி. கீழே அம்பின் முனை துணியின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருக்கும். உட்கார்ந்த உடனே, அம்பு வைக்காமல் வில்லை ஏந்தி, தலையைத் தாழ்த்தி அம்புப் பள்ளத்தின் நேர்கோட்டில் ஒரு தடவை பாருங்கள். வில்லின் இரண்டு கைகளும் விரியும்போது எதிலும் இடிக்காதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

மறுமொழி, ஹமில்ரனிலிருந்து

எல்லாரும் கண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குக் கவலை ஸ்கோப்புக்குள் தெரிகிற குறிக்கோடுகளைப் பற்றித்தான்.

குறுக்குவில் ஸ்கோப்பில் மேல் கோடு 20 யார்டுக்கு, அடுத்தடுத்து 30, 40, 50 என்று இருக்கும். அந்தக் கீழ்க்கோடுகள் தானாகப் பொருந்துவதில்லை. வில்லின் வேகத்துக்கு ஏற்பத் திருப்புகிற வளையம் பல ஸ்கோப்களில் உண்டு. எக்ஸ்காலிபர் நிறுவன வில்களின் ஸ்கோப்பிலும் பார்த்திருப்பீர்கள். பெட்டியில் போட்ட வேகத்தை அப்படியே வளையத்தில் வைத்துவிடுகிறார்கள். அந்த எண் லேசான அம்பில் எடுத்தது. நீங்கள் பாரமான அம்பு போட்டால் வேகம் குறையும், கோடு பொருந்தாது. முதலில் 20இல் மேல் கோட்டைச் சரிசெய்யுங்கள். அப்புறம் 40க்குப் போய் 40 கோட்டால் விடுங்கள். அம்பு கீழே விழுந்தால் வளையத்தைக் குறைந்த வேகத்துக்குத் திருப்புங்கள், மேலே போனால் கூடிய வேகத்துக்கு. பொருந்திய இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு போட்டு வையுங்கள். பெரும்பாலானவற்றில் இந்த வளையம்தான் உருப்பெருக்கமும். மானைப் பெரிதாகப் பார்க்கிற ஆசையில் காட்டில் அதைத் திருப்பினால் கீழ்க்கோடுகள் எல்லாம் பொய்.

குறியை நகர்த்த ஸ்கோப்பின் திருகைத் திருப்பும்போது ஒரு கிளிக் 100 யார்டில் கால் அங்குலம் நகர்த்தும் என்று எழுதியிருக்கும். 20 யார்டில் அது அதில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு அங்குலம் நகர்த்த 20 கிளிக் வேண்டும். நாலு கிளிக் திருப்பிவிட்டு ஸ்கோப் வேலை செய்யவில்லை என்று கோபப்பட வேண்டாம்.

இப்போது தூரம். நொடிக்கு 300 அடி போகும் அம்பை 30 யார்டுக்குச் சரிசெய்துவிட்டு, உண்மையில் 40இல் நிற்கும் மானுக்கு விட்டால் ஏறக்குறைய 7 அங்குலம் கீழே போகும். மானின் உயிர்நிலை (இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம்) 8 முதல் 10 அங்குல வட்டம்தான். நடுவைக் குறிவைத்தவனின் அம்பு வட்டத்துக்கு வெளியே. அப்புறம் சத்தம். வில்லின் ஒலி நொடிக்கு 1100 அடி வேகத்தில் முந்திப் போகிறது. 40 யார்டில் அம்பு சேர 0.4 விநாடி, ஒலி 0.11 விநாடியில் சேர்ந்துவிடும். மிச்ச நேரத்தில் மான் பாய்வதற்காக உடம்பைத் தாழ்த்துகிறது. அம்பு முதுகுக்கு மேல் போகிறது, அல்லது தப்பான இடத்தில் ஏறுகிறது. இதைத் திருத்துகிற கண்ணாடி எங்கும் விற்பனைக்கு இல்லை. ஸ்கோப்பில் 50க்குக் கோடு இருக்கிறது என்பதற்காக உயிருள்ள மானுக்கு 50இல் விடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. காயத்தோடு புதருக்குள் போன மானைத் தேடி இரவு முழுக்க நடந்து, கடைசியில் காணாமல் திரும்புகிறவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

மறுமொழி, மனிற்றூலினிலிருந்து

சீடர் மரங்கள் நெருங்கிய சதுப்பு நிலத்தில் வேட்டையாடுகிறேன். 20 யார்டுக்கு மேல் எதுவும் தெரியாத இடம். எனக்கு வெறும் சைட் போதும். கிளையிலிருந்து ஈரப் பனி பொத்தென்று விழுந்தால் ஸ்கோப்பின் லென்ஸ் மூடிப்போகும். குளிரில் வாய்மூச்சுப் பட்டாலே கண்பக்கக் கண்ணாடி வெளுத்துவிடும். உள்ளே ஈரம் படியாமல் இருக்க நைதரசன் நிரப்பியிருந்தாலும் வெளிப்பக்கத்தை அது காப்பாற்றாது. பற்றரிக் கவலையும் இல்லை. ஆனால் கடைசிப் பத்து நிமிட வெளிச்சத்தை நான் விட்டுக்கொடுக்கிறேன். முன் ஊசி தெளிவாகத் தெரியவில்லை என்றால் அம்பைக் கழற்றிவிட்டு இறங்கிவிடுவேன்.

தொடங்கியவரின் மறுமொழி

தனிச்செய்தியில் ஒரு தம்பி கேட்டார்: கைவசம் 300 டொலர்தான் இருக்கிறது, எதை வாங்குவது? வில்லோடு வந்த ஸ்கோப்பையே வைத்திருங்கள் தம்பி. அந்தக் காசில் தூரம் அளக்கும் கருவி ஒன்றும் பயிற்சி அம்புகளும் வாங்குங்கள். மேடையில் ஏறியவுடன் நாலு மரங்களை அளந்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேட்டைக்குப் போடுகிற பிளேட் முனையிலேயே கடைசிச் சோதனை செய்யுங்கள், பயிற்சி முனை விழுகிற இடத்திலேயே அதுவும் விழும் என்று எதிர்பார்க்காதீர்கள். 30 யார்டுக்கு உள்ளே மட்டும் விடுங்கள்.